இதயம் தேடி அலைந்த விமானம்

பத்து டன் சுமை ஏற்றும் லாரிக்குச் சின்ன வேனின் இன்ஜினைப் பொருத்தினால் என்ன ஆகும்? ஓடும். சமதளத்தில் சமாளித்துப் போகும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும், லாரியின் பாடி எவ்வளவு உறுதி என்றாலும், அந்த மேட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

ஏறக்குறைய இதுதான் இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானத்துக்கு நடந்தது. அதன் பெயர் ஹெச்.எஃப்-24 மாருத். வேதங்களில் வரும் புயல் தேவர்களின் பெயர் அது. உலகத் தரத்தில் உடம்பு அமைந்தது. அந்த உடம்புக்கு ஏற்ற இதயம்தான் கடைசிவரை கிடைக்கவில்லை.

குதிரை வீரர் கட்டிய விமானம்

1950களின் நடுப்பகுதி. இந்திய விமானப் படை ஒரு பெரிய கனவைக் காகிதத்தில் எழுதியது. ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம். 60,000 அடி உயரம். வானத்தில் எதிரியை மறித்துத் தாக்கவும் வேண்டும். தாழப் பறந்து தரையில் இருக்கும் இலக்கைத் தாக்கவும் வேண்டும். பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அதுவரை சொந்தமாக வடிவமைத்திருந்தது ஹெச்.டி-2 போன்ற புரொப்பல்லர் பயிற்சி விமானங்களைத்தான். மிதிவண்டிக் கடைக்காரரிடம் ரேஸ் கார் கேட்ட மாதிரி இருந்தது.

அதனால் வெளியிலிருந்து ஓர் ஆளைத் தேடினார்கள். கிடைத்தவர் குர்ட் டாங்க்.

டாங்க் ஜெர்மானியர். முதல் உலகப் போரில் குதிரைப் படையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற ஃபோக்க வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்தவர். போர் விமானம் என்பது பந்தயக் குதிரை மாதிரி நளினமாக இருந்தால் போதாது, சேறு, மழை, அரைகுறைப் பராமரிப்பு எல்லாவற்றையும் தாங்கும் படைக் குதிரையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இன்ஜின் படுத்தும் பாடும் அவருக்குப் புதிதல்ல. அந்த 190-ன் முதல் மாதிரியில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி, விமானியின் கால்கள் அடுப்பின்மேல் வைத்ததுபோலத் தகித்தன.

போரில் ஜெர்மனி தோற்றபின், டாங்க் வேறு பெயரில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். அங்கே அதிபர் பெரோனுக்காக 'புல்கி 2' என்ற ஜெட் விமானத்தை உருவாக்கினார். 1955-ல் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது. டாங்கின் வேலையும் போனது. அடுத்த நிறுத்தம் இந்தியா. தான் படித்த சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் பேராசிரியர்களில் ஒருவராக அப்துல் கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் டாங்கின் பெயரையும் குறிப்பிடுகிறார்.

1956-ல் பெங்களூரில் வேலை தொடங்கியது. டாங்குடன் ஒரு ஜெர்மன் பொறியாளர் குழுவும் வந்தது. அவர்களுடன் வேலை பார்த்த இந்திய இளைஞர்கள், வேலை செய்துகொண்டே வேலையைக் கற்றார்கள்.

இன்ஜின் இல்லாமலே பறந்தது

முதலில் அவர்கள் செய்தது ஒரு மர விமானம்.

மாருத்தின் அதே வடிவம், அதே அளவு. ஆனால் முழுக்க மரம், இன்ஜினும் கிடையாது. 1959-ல் ஒரு டகோட்டா விமானம் இந்த மரக் கிளைடரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே போனது. உயரத்தில் கயிற்றை விட்டதும், கிளைடர் காற்றில் சறுக்கித் தரைக்கு வந்தது. இப்படி 78 முறை. இறக்கையின் வடிவம் சரியா, விமானி திருப்பினால் திரும்புகிறதா, மெதுவாக இறங்கும்போது தள்ளாடுகிறதா என்பதையெல்லாம் இன்ஜினே இல்லாமல் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சிக்கனத்தில் பிறந்த புத்திசாலித்தனம்.

பிறகு நிஜ விமானம். 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் பெங்களூரில் முதல் மாருத்தை வானில் ஏற்றினார். டாங்கின் குழு இந்தியா வந்து ஐந்து வருடங்கள்கூட முழுதாக ஆகவில்லை. பூஜ்யத்திலிருந்து தொடங்கிய நாட்டுக்கு இது அசுர வேகம்.

அன்று எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் விமானத்தின் வாலுக்குள் இருந்தது அதற்காக நினைக்கப்பட்ட இன்ஜின் அல்ல.

மாப்பிள்ளை வரவில்லை

டாங்க் மாருத்தை வரைந்தபோது மனதில் வைத்திருந்தது, பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 என்ற இன்ஜின். ஆஃப்டர்பர்னருடன் ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும். அப்படி இரண்டு. உடம்பின் அகலம், காற்று உள்ளே போகும் வாய், வால் பகுதி எல்லாம் இந்தக் கணக்கில்தான் அமைந்தன.

ஆனால் அந்த இன்ஜின் தேவையில்லை என்று ஐரோப்பாவில் முடிவானது. வாங்க ஆள் இல்லாத பொருளை நிறுவனம் ஏன் தயாரிக்கப் போகிறது? வேண்டுமானால் மீதி ஆராய்ச்சிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றது இந்தியாவிடம். டெல்லி மறுத்துவிட்டது. அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிய காலம் அது. ஆனாலும் மாருத்தின் தலையெழுத்து அந்த ஒரு மறுப்பில்தான் எழுதப்பட்டது.

கையில் இருந்தது ஆர்ஃபியஸ் 703. சுமார் 2,200 கிலோ உந்துவிசை. ஆஃப்டர்பர்னர் கிடையாது. இதன் உடன்பிறப்பான ஆர்ஃபியஸ் 701, நேட் என்ற குட்டி விமானத்துக்காக பெங்களூரிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. நேட்டின் நீளம் 9 மீட்டருக்கும் குறைவு. மாருத்தோ ஏறக்குறைய 16 மீட்டர். தற்காலிகமாக இதைப் போட்டுப் பறக்கவிடுவோம், நல்ல இன்ஜின் வந்ததும் மாற்றிக்கொள்வோம் என்றார்கள். கணக்குப் பாருங்கள்: இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து 7,400 கிலோ தள்ள வேண்டிய இடத்தில் 4,400 கிலோ!

அந்தத் 'தற்காலிகம்' கடைசிவரை நிரந்தரமாகிவிட்டது.

ஜெட் இன்ஜின் ஏன் இவ்வளவு கஷ்டம்?

பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் விட்டால் அது எதிர்த்திசையில் பாயும். ஜெட் இன்ஜினின் அடிப்படை அவ்வளவுதான். முன்பக்கம் வரிசை வரிசையாகச் சுழலும் பிளேடுகள் காற்றை இழுத்து அமுக்கும். அமுக்கிய காற்றில் எரிபொருள் எரியும். விரிந்த வாயு பின்பக்கம் பீறிட்டு வெளியேறும். வெளியேறும் வழியில் டர்பைன் என்ற இன்னொரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகும். அந்தச் சக்கரம்தான் முன்பக்கப் பிளேடுகளைச் சுழற்றுகிறது.

படத்தில் எளிது. நிஜத்தில் டர்பைன் பிளேடுகள் நெருப்புக்குள் நின்றுகொண்டு, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்ற வேண்டும். இன்றைய போர் விமான இன்ஜின்களில் அந்த வாயுவின் சூடு, பிளேடு செய்த உலோகம் உருகும் சூட்டையே தாண்டிவிடுகிறது. பிறகு எப்படி உருகாமல் நிற்கிறது? ஒவ்வொரு பிளேடுக்குள்ளும் மெல்லிய துளைகள் போட்டு, குளிர்ந்த காற்றைச் செலுத்திப் போர்வைபோல அதன்மேல் படர விடுகிறார்கள். பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வளர்த்தெடுக்கிறார்கள். இந்த வித்தையைப் புத்தகத்தில் படித்துச் செய்ய முடியாது. பல வருடங்கள் உடைத்து, எரித்து, மறுபடி செய்து கற்க வேண்டும்.

முன்பக்கத்துக்கும் தனிப் பிரச்னை உண்டு. காற்று சீராக வராவிட்டால் அமுக்கிய காற்று திரும்பி முன்பக்கமே பாயும். 'சர்ஜ்' என்பார்கள். இன்ஜினுக்கு வரும் விக்கல். நடுவானில் வந்தால் இன்ஜின் அணைந்தும் போகலாம்.

சரி, ஆஃப்டர்பர்னர்? இன்ஜினிலிருந்து வெளியேறும் வாயுவில் இன்னும் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். வால் குழாயில் மறுபடி எரிபொருளைத் தெளித்துப் பற்றவைத்தால் கூடுதல் வேகம். எரிபொருள் மளமளவென்று தீரும். ஆனால் ஒலி வேகத்தைத் தாண்ட அந்த உதை பெரிதும் உதவும். மாருத்திடம் அதுதான் இல்லை.

நைல் நதிக்கரையில் ஒரு நம்பிக்கை

இன்ஜின் தேடல் நாடு நாடாகப் போனது. சோவியத்தின் ஆர்.டி-9 இன்ஜினைப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. பிறகு யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து ஒரு கதவு திறந்தது. எகிப்து.

எகிப்து அதிபர் நாசரும் சொந்தப் போர் விமானம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருக்கு விமானம் வடிவமைத்தவர் வில்லி மெஸர்ஷ்மிட். இரண்டாம் உலகப் போரில் டாங்கின் நேர் போட்டியாளர்! ஜெர்மனியின் இரண்டு பெரிய போர் விமானங்களை உருவாக்கிய இருவரில் ஒருவர் பெங்களூரில், இன்னொருவர் கெய்ரோ அருகே ஹெல்வானில். இரண்டு பேருக்கும் ஒரே பிரச்னை. மெஸர்ஷ்மிட்டின் ஹெச்.ஏ-300 விமானமும் அதே ஆர்ஃபியஸ் 12-ஐ நம்பி ஏமாந்ததுதான்.

எகிப்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்கள் சொந்தமாக இன்ஜினும் செய்தார்கள். அதற்குத் தலைமை ஃபெர்டினான்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர். போருக்குப்பின் சோவியத் யூனியனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே மாபெரும் குண்டுவீச்சு விமானத்தின் இன்ஜின் உருவாக்கத்தில் வேலை செய்தவர். அவருடைய இ-300 இன்ஜின் ஆஃப்டர்பர்னருடன் சுமார் 4,800 கிலோ உந்துவிசை தரும் என்று கணக்கிட்டார்கள். மாருத்துக்குத் தேவையானதைவிட அதிகம்.

இந்தியாவும் எகிப்தும் கைகோத்தன. ஹெச்.ஏ-300 விமானத்தை 1964 மார்ச் 7 அன்று முதன்முதலில் பறக்கவிட்டவர் ஓர் இந்தியர், விமானப் படையின் சோதனை விமானி கபில் பார்கவா. பதிலுக்கு ஒரு மாருத் எகிப்துக்குப் போனது. அதில் ஒரு பக்கம் பழைய ஆர்ஃபியஸ், மறுபக்கம் புதிய இ-300. 1967 மார்ச் 29 அன்று இந்த இரட்டை வேட விமானம் நைல் பள்ளத்தாக்கின்மேல் பறந்தது.

மூன்றே மாதங்களில் எல்லாம் மாறியது. ஜூன் மாதம் இஸ்ரேலுடன் ஆறு நாள் போர். எகிப்தின் விமானப் படை பெரும்பாலும் தரையிலேயே அழிந்தது. ரெடிமேடாக சோவியத் விமானங்கள் கிடைக்கும்போது, கஜானா காலியான நாடு சொந்த இன்ஜினுக்கு எவ்வளவு நாள் செலவழிக்கும்? 1969-ல் எகிப்து திட்டத்தை மூடியது. மாருத்துக்காகத் திறந்த கதவும் மூடியது.

சுரஞ்சன் தாஸ் கொடுத்த விலை

வேறு வழியில்லை. இருக்கிற இன்ஜினுக்கே பலம் ஏற்றிப் பார்ப்போம் என்று முடிவானது. பெங்களூரில் உள்ள எரிவாயு டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம், ஆர்ஃபியஸ் 703-க்கு சொந்தமாக ஒரு ஆஃப்டர்பர்னர் செய்தது. உந்துவிசை சுமார் 2,600 கிலோவாக உயர்ந்தது. அனுபவம் குறைந்த குழுவுக்கு அது பெரிய சாதனை. ஆனால் பெரிதான இன்ஜினுக்கு இடம் தர விமானத்தின் வாலும் தடித்தது. தடித்த வாலைக் காற்று பின்னால் பிடித்து இழுத்தது. கூடிய பலத்தின் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிட்டது.

இந்தச் சோதனை விமானத்தை ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். ஒன்பது வருடங்களுக்குமுன் முதல் மாருத்தை வானில் ஏற்றிய அதே மனிதர். இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த எஸ்.ஆர்.தாஸின் மகன். மாருத்தின் நல்லது கெட்டது எல்லாம் உள்ளங்கை ரேகைபோலத் தெரிந்தவர்.

1970 ஜனவரி 10. பெங்களூரில் ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாருத் கிளம்பியது. கிளம்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். அந்த வருடம் அவருக்கு பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது, மறைவுக்குப்பின்.

சோதனை விமானியின் வேலையே இதுதான். பொறியாளர்கள் காகிதத்தில் விட்ட சந்தேகத்துக்கு அவர் வானத்தில் போய்ப் பதில் கொண்டுவர வேண்டும். சில நாள்களில் பதில் மட்டும்தான் வருகிறது. இன்றும் பெங்களூரில் பழைய விமான நிலையப் பக்கம் போகிறவர்கள் கடந்து போகும் சாலை ஒன்றின் பெயர் சுரஞ்சன் தாஸ் சாலை. டிராஃபிக்கில் நிற்கும்போது யாருடைய பெயர் இது என்று கேட்பவர்கள் குறைவு.

போரில் ஜெயித்த நோஞ்சான்

இத்தனைக்கும் பிறகு, மாருத் உதவாத விமானமா? இல்லை என்று 1971 சொன்னது.

உயரத்தில் எதிரியை விரட்டும் வேலையை அதற்குள் மிக்-21 எடுத்துக்கொண்டுவிட்டது. மாருத்துக்குக் கிடைத்தது தாழப் பறந்து தாக்கும் வேலை. அங்கேதான் டாங்கின் 'படைக் குதிரை' தன்மை வெளிப்பட்டது. தரையை ஒட்டி வேகமாகப் பறந்தாலும் ஆடாது, அசையாது. குறி தப்பாது. ராஜஸ்தான் எல்லையில் அந்த டிசம்பரில் மாருத்கள் ரயில் பாதைகளையும் டாங்கிகளையும் தேடித் தேடித் தாக்கின. டிசம்பர் 7 அன்று ஸ்குவாட்ரன் லீடர் பக்‌ஷி, தன் மாருத்திலிருந்து பாகிஸ்தானின் சேபர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். தரைப்படைத் துப்பாக்கிகளால் சில மாருத்களை இழந்தோம். ஒரு இன்ஜினில் அடிபட்டு, இன்னொன்றின் பலத்திலேயே வீடு திரும்பிய மாருத்தும் உண்டு.

மொத்தம் 147 மாருத்கள் தயாராயின. 1990 வாக்கில் கடைசி மாருத்தும் ஓய்வு பெற்றது. கனவு கண்ட இரண்டு மடங்கு ஒலி வேகத்தை ஒரு மாருத்கூட எட்டவில்லை. ஒலியின் வேகத்தைத் தொட்டதே பெரும்பாடு.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மாருத்துக்குப் பிறகு அடுத்த சொந்தப் போர் விமானத்தை இந்தியா கையில் எடுக்க நீண்ட காலம் ஆனது. டாங்கிடம் பாடம் கற்ற தலைமுறை வயதாகி ஓய்வுபெற்றது. கற்றதை அடுத்தவருக்குச் சொல்லித்தர ஒரு வேலை வேண்டுமே? அது இல்லாமல் போனது.

காவிரியும் வற்றியதா?

தேஜஸ் விமானத்தைத் திட்டமிட்டபோது மாருத்தின் பாடம் எல்லோருக்கும் நினைவிருந்தது. அதனால்தான் சொந்த இன்ஜினும் சேர்ந்தே திட்டமிடப்பட்டது. பெயர் காவிரி. அதன் மையப் பகுதிக்குக் கபினி என்று பெயர். துணை நதியின் பெயரையே வைத்தார்கள். 1989-ல் சுமார் 382 கோடி ரூபாயில் அனுமதி கிடைத்தது. சுரஞ்சன் தாஸின் மாருத்துக்கு ஆஃப்டர்பர்னர் செய்த அதே நிறுவனம்தான் இதையும் செய்தது.

காவிரி ஓடியது. 2010-ல் ரஷ்யாவில் ஒரு பெரிய விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டும் பார்த்தார்கள். ஆனால் தேஜஸுக்குத் தேவையான அளவு உந்துவிசை வரவில்லை, எடையும் கூடிவிட்டது. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முதலில் பறந்தபோது, உள்ளே இருந்தது அமெரிக்காவின் ஜி.இ. 404 இன்ஜின். மறுபடியும் உடம்பு நம்முடையது, இதயம் இரவல்.

இரவல் இதயத்தின் சிக்கல் சமீபத்திலும் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது விமானப் படை. ஆனால் அவற்றுக்கான முதல் இன்ஜினை ஜி.இ. அனுப்பியதே 2025 மார்ச்சில்தான். கட்டி முடித்த விமானங்கள் இன்ஜினுக்காகக் காத்து நின்றன. அதே வருடம் சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் பேசிய பிரதமர், போர் விமானத்துக்கான ஜெட் இன்ஜினை நாமே செய்ய வேண்டும் என்று இளம் விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, தாமதமாகச் சேர்ந்த சீனா என்று, இதைச் சொந்தமாகச் செய்யத் தெரிந்த நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

காவிரியைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சோதனைக் கூடத்தில் உடைந்த ஒவ்வொரு பிளேடும் ஒரு பாடம். ஆர்ஃபியஸ் 12-க்குப் பணம் தர மறுத்தபோது நாம் இழந்தது ஓர் இன்ஜினை மட்டுமல்ல. அதை உடைத்தும் எரித்தும் கற்றிருக்கக்கூடிய வருடங்களையும் இழந்தோம். பணம் பிறகு கிடைத்தது. அந்த வருடங்களை எந்த நாடும் கடனாகத் தரவில்லை.

எகிப்தின் ஹெச்.ஏ-300 இன்று மியூனிக் அருகே ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம் மாருத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் கூர்மையான மூக்கையும் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையையும் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்படியே ஒரு நிமிடம் பின்பக்கம் போய், அந்த இரண்டு வால் குழாய்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

(தொடர்ந்து பறப்போம்)